84 டிகிரி

போன ஏப்ரலில் ஒரு ராத்திரி, மணி ஒன்றரை இருக்கும், வேலூரிலிருந்து சித்தி பையன் ஒரு புகைப்படம் அனுப்பினான். அவனுடைய கணினித் திரையின் மூலையில் பச்சை நிறத்தில் ஒரு எண்: 84. கீழே ஒரே வரி. "அண்ணா, இது ஒண்ணும் ஆயிடாதுல்ல?"

அவன் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவன். தை மாத முகூர்த்தங்களில் வந்த காசையெல்லாம் சேர்த்து ஒரு ஜிடிஎக்ஸ் 1080 டிஐ கார்டை செகண்ட் ஹேண்டில் வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. பில் கிடையாது, வாரண்டி கிடையாது. கார்டு போனால் வைகாசி சீசனும் சேர்ந்து போகும். "ஒண்ணும் ஆகாது, போய்த் தூங்கு" என்று பதில் போட்டேன். அவன் தூங்கியிருப்பான். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. எந்த தைரியத்தில் அப்படிச் சொன்னேன்? 84 டிகிரி சூட்டில் விரலை வைத்தால் கொப்புளம் வரும். சிலிக்கானுக்கு அது என்ன கணக்கு? இதுவரை போகலாம், இதற்கு மேல் கூடாது என்ற கோட்டை யார், எப்போது, எதை வைத்துப் போட்டார்கள்?

தேடிப் படிக்க ஆரம்பித்ததில் முதலில் தெரிந்தது, இந்தக் கேள்வியே புதுசு என்பதுதான். 1996-இல் 3டிஎஃப்எக்ஸ் நிறுவனத்தின் வூடூ கார்டு வந்தபோது அதன் சில்லுகள் மேல் ஒரு அலுமினியத் துண்டுகூட இல்லை. வெறும் கறுப்புச் சதுரங்கள், 50 மெகாஹெர்ட்ஸ் வேகம். அவற்றின் சூட்டை அளக்க உணரியும் இல்லை, பார்க்க மென்பொருளும் இல்லை. இருந்த ஒரே கருவி விரல். 1999-இல் ஜிஃபோர்ஸ் 256 வந்தபோது ஹீட்ஸிங்க்கும் அதன் மேல் ஒரு குட்டி ஃபேனும் சாதாரணமாகியிருந்தன. அப்போதும் ஃபேன் சுற்றுகிறதா இல்லையா என்பதுதான் கேள்வியே தவிர, எத்தனை டிகிரி என்பதல்ல.

சூடு எங்கிருந்து வருகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு டிரான்சிஸ்டர் ஒவ்வொரு முறை திறந்து மூடும்போதும் ஒரு துளி மின்னூட்டம் ஏறி இறங்குகிறது. அந்தத் துளி கடைசியில் வெப்பமாகிறது. கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள், விநாடிக்குக் கோடிக்கணக்கான முறை. ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டெனார்டும் அவருடைய சகாக்களும் 1974-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், ஒரு சதுர மில்லிமீட்டரில் எழும் சூடு கூடாது. முப்பது வருஷம் அந்தக் கணக்கின் தயவில் ஓட்டினோம். 2005-ஐ ஒட்டி அது நின்றுபோனது. டிரான்சிஸ்டர் மூடியிருக்கும்போதும் கரண்ட் கசிய ஆரம்பித்தது, அதனால் மின்னழுத்தத்தை மேலும் இறக்க வழியில்லை. அந்தக் கசிவுக்கு ஒரு கெட்ட குணமும் உண்டு. சூடு ஏறினால் கசிவு ஏறும், கசிவு ஏறினால் சூடு ஏறும்.

அந்தப் பிரச்சினை எண்ணாக வருவதற்கு முன்னால் சத்தமாக வந்தது. 2002 ஆகஸ்டில் ஏடிஐ தன்னுடைய ரேடியான் 9700 ப்ரோவை இறக்கியது. என்விடியாவின் பதிலடி தாமதமாகி, ஜிஃபோர்ஸ் எஃப்எக்ஸ் 5800 அல்ட்ரா 2003 தொடக்கத்தில்தான் கைக்கு வந்தது. பிந்தியதை வேகத்தால் ஈடுகட்ட 500 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றியிருந்தார்கள். அந்தச் சூட்டை வெளியேற்ற, கார்டின் முதுகில் ஒரு ஊதுகுழாயையே கட்டினார்கள். விளையாட்டைத் திறந்ததும் அறையில் வாக்குவம் கிளீனர் ஓடுவது போல இரைச்சல். கிண்டல் தாங்காமல், தங்கள் கார்டைக் காய்ந்த இலை ஊதும் இயந்திரத்தில் மாட்டியிருப்பது போல என்விடியா ஊழியர்களே ஒரு நகைச்சுவை வீடியோ எடுத்தார்கள். ஒரு கம்பெனி தன் தோல்வியைத் தானே கேலி செய்த அழகான தருணம் அது. இப்போதெல்லாம் அப்படி நடப்பதில்லை.

பயத்தை விதைத்தது வேறொரு வீடியோ. அது கிராஃபிக்ஸ் கார்டைப் பற்றியது அல்ல, பிராசஸரைப் பற்றியது. 2001-இல் டாம்ஸ் ஹார்ட்வேர் தளத்தினர் ஓடிக்கொண்டிருக்கும் கணினியிலிருந்து ஹீட்ஸிங்க்கைக் கழற்றிக் காட்டினார்கள். ஏஎம்டியின் ஆத்லான் சில நொடிகளில் புகைந்து செத்தது. இன்டெலின் பென்டியம் 4 சாகவில்லை, தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு ஊர்ந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் புகையை நினைவில் வைத்துக்கொண்டார்கள். எதிர்காலம் என்னவோ அந்த ஊர்ந்து போன பென்டியத்தில்தான் இருந்தது.

புகைப் பயத்தோடு ஒரு சூத்திரமும் சேர்ந்துகொண்டது. 10 டிகிரி குறைத்தால் ஆயுள் இரண்டு மடங்கு. கணினி கூட்டித் தருகிற எந்தக் கடையிலும் இதைக் கேட்கலாம். இதன் வேர் ஸ்வீடன்காரரான ஸ்வாண்டே அரீனியஸ் 1889-இல் எழுதிய கட்டுரையில் இருக்கிறது. வெப்பம் ஏறும்போது வேதிவினைகளின் வேகம் எப்படிக் கூடுகிறது என்பது அவருடைய ஆராய்ச்சி. சில்லும் அவர் காலத்தில் இல்லை, டிரான்சிஸ்டரும் இல்லை. 1960-களில் அமெரிக்க ராணுவம் மின்னணுப் பாகங்களின் நம்பகத்தன்மைக்காகத் தயாரித்த கையேட்டில் அந்தச் சமன்பாடு நுழைந்தது. அங்கிருந்து பொறியாளர்களின் வாய்மொழியாகி, கடைக்காரர் வரை வந்துவிட்டது. மதர்போர்டில் நிற்கிற எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களுக்கு அது ஓரளவு சரியான விதிதான், உள்ளே இருக்கும் திரவம் சூட்டில் வேகமாக வற்றும். ஆனால் எல்லாச் சாவையும் அந்த ஒரே விதியால் கணிக்க முடியாது என்று 1990-களில் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் பெக்ட் போன்றவர்கள் கடுமையாக வாதாடினார்கள். ஒரே சூட்டில் நிலையாக இருப்பது வேறு, சூடும் குளிருமாக மாறிக்கொண்டே இருப்பது வேறு என்றார்கள். அப்போது வீட்டில் கணினி வைத்திருந்த யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. பத்து வருஷம் கழித்து, பல லட்சம் வீடுகளில் அது நிரூபணமானது.

*

இங்கே கொஞ்சம் நின்று, ஒரு கிராஃபிக்ஸ் சில்லு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். நகத்தளவு சிலிக்கான் துண்டு ஒன்று. அதன் அடியில் கண்ணுக்கு அரிதாகத் தெரிகிற சால்டர் முத்துகள், ஆயிரக்கணக்கில். அவை ஒரு சிறிய பச்சை அடித்தட்டில் ஒட்டியிருக்கும். அந்தத் தட்டின் அடியில் இன்னும் கொஞ்சம் பெரிய சால்டர் உருண்டைகள், அவை கார்டின் பலகையில் ஒட்டியிருக்கும். முத்துகளுக்கு இடையிலுள்ள சந்தில் ஒரு பிசினை நிரப்பி இறுக்கியிருப்பார்கள்.

சிக்கல் என்னவென்றால், சூடானால் சிலிக்கான் கொஞ்சமாக விரியும், அடித்தட்டு அதைவிட ஐந்து மடங்குக்கும் மேல் விரியும். நடுவில் மாட்டிக்கொண்டது அந்த முத்துகள். கணினியைப் போட்டால் ஒரு இழுப்பு, அணைத்தால் எதிர்ப்பக்கம் ஒரு இழுப்பு. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்து ஒடிப்பது போலத்தான். எத்தனை வளைப்புக்கு ஒடியும் என்பதற்கு ஒரு விதி 1950-களிலேயே இருக்கிறது. ஜெனரல் எலெக்ட்ரிக்கில் காஃபினும் அமெரிக்க விமானவியல் ஆய்வுக்கூடம் ஒன்றில் மேன்சனும் தனித்தனியாகக் கண்டுபிடித்தது. சூட்டின் உச்சம் எவ்வளவு என்பதைவிட, ஏற்றத்துக்கும் இறக்கத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி, எத்தனை தடவை என்பதுதான் அதில் பெரிது.

2005 நவம்பரில் வந்த எக்ஸ்பாக்ஸ் 360 இந்த விதியை நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்தது. முகப்பில் மூன்று சிவப்பு விளக்குகள் எரிந்தால் பெட்டி செத்துவிட்டது என்று அர்த்தம். 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் வாரண்டியை 3 வருஷமாக நீட்டி, அதற்காக 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. காரணத்தை மட்டும் வாய்திறந்து சொல்லவில்லை. ஜனங்கள் தாங்களே வைத்தியம் கண்டுபிடித்தார்கள். பெட்டியை டவலால் இறுக்கிச் சுற்றி ஓடவிடுவது. சூட்டால் செத்ததாக நம்பப்பட்ட ஒன்றை இன்னும் சூடாக்குவது! சில பெட்டிகள் எழுந்தும் உட்கார்ந்தன, கொஞ்ச நாளைக்கு. 2021-இல் மைக்ரோசாஃப்டே வெளியிட்ட ஆவணப்படத்தில்தான் பொறியாளர்கள் பேசினார்கள். பாகங்களுக்குள் இருந்த இணைப்புகள் உடைந்தன, திரும்பத் திரும்பப் போட்டு அணைத்ததில் உண்டான இழுவிசையால் உடைந்தன என்று. பதினாலு வருஷம் பிந்திய வாக்குமூலம்.

எக்ஸ்பாக்ஸின் கிராஃபிக்ஸ் சில்லை வடிவமைத்தது ஏடிஐ. அதனால் போட்டியாளர் சந்தோஷப்பட்டிருக்கலாம், ஒரு வருஷம். 2008 ஜூலை 2-ஆம் தேதி என்விடியா, மடிக்கணினிகளில் தன் சில்லுகள் அளவுக்கு மீறிப் பழுதாகின்றன, அதற்காக 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்குகிறோம் என்று அறிவித்தது. மறுநாள் பங்கு விலை ஏறக்குறைய முப்பது சதவீதம் சரிந்தது. அந்த அறிக்கையில் மூன்று காரணங்கள் சொன்னார்கள். சில்லையும் தட்டையும் இணைக்கும் பொருள்கள் பலவீனம், மடிக்கணினிகளின் குளிர்விப்பு வடிவமைப்பு, அப்புறம் வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் விதம். மூன்றாவதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. மடிக்கணினியை மூடித் திறப்பதைத் தவிர அந்த வாடிக்கையாளர் என்ன செய்துவிட்டார்?

டெல் அப்போது செய்த காரியம்தான் இந்த வரலாற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த தடயம். அவர்கள் ஒரு பயாஸ் அப்டேட் விட்டார்கள். ஃபேன் முன்பைவிட அதிக நேரம் சுற்றும். அதன் நோக்கம் என்று அவர்கள் சொன்னது சில்லின் வெப்பநிலை ஏறி இறங்குவதைக் கட்டுப்படுத்துவது. உச்சத்தை அல்ல, ஊசலாட்டத்தை. காஃபினும் மேன்சனும் ஒரு மடிக்கணினியின் ஃபேனுக்குள் வந்துவிட்டார்கள். ஆப்பிளோ, தங்கள் கணினிகளில் இந்தப் பிரச்சினை இல்லை என்று என்விடியா உறுதியளித்திருந்ததாகவும், தாங்களே விசாரித்ததில் இருப்பதாகத் தெரிந்ததாகவும் 2008 அக்டோபரில் சொல்லி, வாரண்டி முடிந்த மேக்புக் ப்ரோக்களையும் இலவசமாகச் சரிசெய்துகொடுத்தது. அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் கூட்டாகத் தொடுத்த வழக்கு 2010-இல் சமரசத்தில் முடிந்தது.

ஈயத்தைத் தடைசெய்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று இன்றும் சொல்வார்கள். ஐரோப்பாவின் சட்டம் 2006 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது உண்மை. ஈயமில்லாத சால்டர் பழையதைவிட விறைப்பானது என்பதும் உண்மை. ஆனால் சில்லுக்கு நேர் அடியில் இருக்கும் அந்தக் குட்டி முத்துகளுக்குச் சட்டத்திலேயே விலக்கு இருந்தது. என்விடியாவின் பழுதான சில்லுகளில் இருந்தவை ஈயம் மிகுந்த முத்துகள்தான். காலம் பொருந்துகிறது என்பதற்காகச் சட்டத்தின் தலையில் கட்டிவிட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

இதெல்லாம் தெரியாத காலத்தில் எனக்கும் ஒரு மடிக்கணினி இருந்தது. காலேஜ் கடைசி வருஷம், புராஜெக்ட் ஒப்படைக்கப் பத்து நாள் இருக்கும்போது திரை முழுக்கக் கோடு கோடாக வந்து நின்றுவிட்டது. எந்தக் கம்பெனி என்பது இங்கே வேண்டாம். சென்னை ரிச்சி தெருவில் 'சிப் லெவல் சர்வீஸ்' என்று போர்டு வைத்த ஒரு மாடிக் கடைக்குப் போனேன். அங்கிருந்தவர் கார்டைப் பார்க்கக்கூட இல்லை, கோடுகளைப் பார்த்தார். "ஹீட் குடுத்தா வரும் தம்பி. ஆனா எத்தனை நாளைக்குன்னு நான் சொல்ல மாட்டேன்." ஹாட் ஏர் கன்னை எடுத்து ஐந்து நிமிஷம் சில்லின் மேல் காட்டினார். திரை வந்தது. 1500 ரூபாய். நாற்பது நாள் ஓடியது. அதற்குள் புராஜெக்ட் முடிந்திருந்தது, அந்த மனிதருக்கு இன்றும் நன்றி சொல்கிறேன்.

அவர் கையிலிருந்த காற்று என்ன செய்தது என்பது இப்போது புரிகிறது. மேல்நாட்டில் இதையே சமையலறை அவனில் கார்டை வைத்து 200 டிகிரியில் சுட்டுச் செய்தார்கள். சால்டர் உருகி மறுபடி ஒட்டிக்கொள்கிறது என்று எல்லோரும் நம்பினார்கள். கணக்குப் பார்த்தால் இடிக்கிறது. ஈயமில்லாத சால்டர் உருகுவது 217 டிகிரியில். ஈயம் மிகுந்த அந்த முத்துகளுக்கு 300 டிகிரியை ஒட்டிப் போக வேண்டும். 200 டிகிரியில் எதுவும் உருகாது. எல்லாம் விரிந்து, பிசின் இளகி, விரிசலின் இரண்டு உதடுகளும் ஒன்றையொன்று தொட்டுக்கொள்கின்றன, அவ்வளவுதான். அடுத்த நாற்பது இரவுகளில் அணைத்து அணைத்து மறுபடி பிரிகின்றன. எக்ஸ்பாக்ஸின் டவலும் செய்தது இதைத்தான்.

*

2010 மார்ச்சில் என்விடியா ஜிடிஎக்ஸ் 480-ஐ வெளியிட்டது. 250 வாட். அதிகபட்ச வெப்பநிலை 105 டிகிரி என்று கம்பெனியே அச்சிட்டது. சோதித்தவர்கள் சாதாரணமாகவே 90-களில் பார்த்தார்கள். அதன் மேல் முட்டை பொரிக்கிற வீடியோக்கள் சுற்றின. இரண்டு வருஷத்துக்கு முன் சில்லுகள் செத்த கதை எல்லோருக்கும் நினைவிருந்தது. இது ஒரே மாதத்தில் போய்விடும் என்றார்கள். ஆனால் 2008-இல் நடந்தது போன்ற கூட்டச் சாவு எதுவும் நடக்கவில்லை. முத்தின் கலவையும் பிசினும் மாறியிருந்தன. அதைவிடக் குறைந்த சூட்டில் ஓடிய மடிக்கணினிகள் செத்திருந்தன, இது முட்டை பொரித்துக்கொண்டே ஓடியது. எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டையும் புரிந்துகொள்ள வழியில்லை.

அடுத்து நடந்ததுதான் தம்பியின் படத்துக்கு நேரடிச் சம்பந்தமுள்ளது. 2012-இல் ஜிடிஎக்ஸ் 680 வந்தபோது கார்டு தன் வேகத்தைத் தானே ஏற்றி இறக்கக் கற்றுக்கொண்டது. 2013 பிப்ரவரியில் வந்த டைட்டன் கார்டில் அந்த முடிவு வெப்பநிலையின் கைக்குப் போனது. 80 டிகிரி என்பது இலக்கு. அதற்குக் கீழே இடமிருந்தால் வேகத்தைக் கூட்டு, தொட்டால் குறை. அதே அக்டோபரில் ஏஎம்டியின் ஆர்9 290எக்ஸ் 95 டிகிரியையே இலக்காக வைத்து வந்தது. வாங்கியவர்கள் அலறினார்கள், ஏஎம்டி இது பழுதல்ல, இப்படித்தான் வடிவமைத்தோம் என்றது. அந்த ஃபேன் சத்தத்துக்காக அவர்களைத் திட்டலாம், 95-க்காகத் திட்ட முடியாது. 2001-இல் ஊர்ந்து பிழைத்த பென்டியத்தின் புத்திதான் அது. ஆபத்து வந்தால் பதுங்குவது என்றிருந்ததை எந்நேரமும் விளிம்பிலேயே நடப்பது என்று மாற்றிக்கொண்டார்கள்.

தம்பியின் 1080 டிஐ 2017 மார்ச்சில் வந்தது. அதன் ஸ்பெசிஃபிகேஷனைத் திறந்து பார்த்தேன். அதிகபட்சம் 91. ஆலையிலேயே எழுதிவிட்ட இலக்கு 84.

சிரித்துவிட்டேன். அவன் பார்த்தது காய்ச்சல் அல்ல. ஏசியில் 24 வைத்தால் அறை 24-இல் நிற்பது மாதிரி, அந்தக் கார்டு நிற்கச் சொன்ன இடத்தில் நின்றுகொண்டிருந்தது. அதுவும் வேலூர் ஏப்ரலில், மின்விசிறி மட்டும் இருக்கிற மொட்டை மாடி அறையில். கார்டுகளைச் சோதிக்கிறவர்களின் அறை பெரும்பாலும் இருபத்துச் சொச்சம் டிகிரியில் இருக்கும். ஹீட்ஸிங்க்கால் அறையின் சூட்டுக்கு மேலே எவ்வளவு என்பதைத்தான் தீர்மானிக்க முடியும், அறையை அது குளிர்விக்காது. அறை 38 என்றால் கார்டுக்கு மிச்சமிருப்பது 46 டிகிரி இடைவெளிதான். அதற்குள் வேலையை முடிக்க வேண்டும், முடியாவிட்டால் வேகத்தைக் கழித்துக்கொள்ளும்.

அவனுக்கு இன்னொரு பயமும் இருந்தது. விற்றவன் அதில் கிரிப்டோ மைனிங் ஓட்டியிருப்பானோ என்று. ஓட்டியிருக்கலாம். இரவு பகலாக ஒரே சூட்டில் ஓடிய கார்டின் சால்டர், தினமும் பத்துத் தடவை விளையாட்டைத் திறந்து மூடிய கார்டின் சால்டரைவிடக் குறைவாகவே இழுபட்டிருக்கும். ஃபேனின் பேரிங், தெர்மல் பேஸ்ட் இவையெல்லாம் தேய்ந்திருக்கும். அவற்றை மாற்றிக்கொள்ளலாம், முத்துகளை மாற்ற முடியாது.

எண்ணால் பிரயோஜனமே இல்லை என்று சொல்லவரவில்லை. ஓர் எண்ணைவிட இரண்டு எண்களுக்கு நடுவிலுள்ள தூரம் அதிகம் பேசும். 2019-இல் ஏஎம்டி தன் ஆர்எக்ஸ் 5700 வரிசையில் சில்லு முழுக்கப் பல உணரிகளை வைத்து, அவற்றில் மிகச் சூடான இடத்தின் அளவையும் காட்டியது. அது 110 வரை போவது இயல்புதான் என்று விளக்கமும் கொடுத்தது. 2022 டிசம்பரில் வந்த ஆர்எக்ஸ் 7900 எக்ஸ்டிஎக்ஸ் கார்டுகள் சிலவற்றில் அந்த இடம் 110-ஐத் தொட்டு வேகம் விழுந்தது, சில்லின் மற்ற பகுதிகளோ அதைவிட வெகுவாகக் குளிர்ந்திருந்தன. அந்த இடைவெளியைப் பிடித்துக்கொண்டு பயனர்களும் விமர்சகர்களும் துருவினார்கள். குளிர்விப்பானுக்குள் இருக்கும் ஆவி அறையில் ஊற்ற வேண்டிய தண்ணீர் சில கார்டுகளில் போதுமான அளவு ஊற்றப்படவில்லை என்று அடுத்த மாதம் ஏஎம்டி ஒப்புக்கொண்டு மாற்றிக்கொடுத்தது. சில சொட்டுத் தண்ணீர்! 2008-இல் மடிக்கணினிக்காரர்களிடம் அப்படி ஓர் உணரி இருந்து பயனில்லை என்றாலும், கேட்பதற்கு ஒரு ஆதாரமாவது இருந்திருக்கும்.

2025-இல் என்விடியா தன் 50 வரிசை கார்டுகளில் அந்த மிகச் சூடான இடத்தின் அளவைப் பயனருக்குக் காட்டுவதை நிறுத்திவிட்டது. அதில் பெரிய கார்டு 575 வாட் இழுக்கிறது. திரையில் இப்போது ஒரே எண்தான் தெரியும். அது எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் தம்பிக்கு போன் செய்து, கார்டைக் கழற்றித் தூசி தட்டி பேஸ்ட் மாற்றச் சொன்னேன். விற்றவன் காலத்து பேஸ்ட் விபூதி மாதிரி உதிர்ந்ததாம். ராத்திரி மறுபடி படம் வந்தது. அதே மூலை, அதே பச்சை. 84.

"என்னண்ணா, இவ்ளோ பண்ணியும் ஒண்ணும் குறையலயே?"

"பக்கத்துல மெகாஹெர்ட்ஸ்னு ஒண்ணு இருக்கும் பாரு. நேத்து எவ்ளோ, இன்னைக்கு எவ்ளோ?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பழைய படத்தைத் தேடியிருப்பான்.

"நேத்து 1480. இன்னைக்கு 1670."